காற்றை வாங்கும் கம்பெனிகள்: பங்குதாரருக்கு என்ன பங்கு?



நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. ஒரு மோட்டார் கம்பெனியோ, நூற்பாலையோ, சிமெண்ட் ஆலையோ, தனக்குத் தேவையான மின்சாரத்தைக் காற்றாலைகளிலிருந்தும் சூரிய மின் நிலையங்களிலிருந்தும் பெறுவதற்கு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது என்பதே அச்செய்தி. பூமியைக் காப்பது பற்றி நிர்வாகத்தினர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் கூடவே இருக்கும். அதைப் படிப்பவர் மனதில் இயல்பாக ஒரு கேள்வி எழுகிறது. கம்பெனியில் பணம் போட்டவருக்கு இதனால் இலாபமா, அல்லது அவருடைய பணத்தில் கம்பெனி நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறதா?

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மங்களூர் ஒன்றியத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிட்டு வாழும் நமக்கு இந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. நம் தமிழில் 'பங்கு' என்ற ஒரே சொல் சந்தையில் விற்கும் பங்கையும் குறிக்கிறது, ஆலயத்தைச் சுற்றி வாழும் இறைமக்கள் சமூகத்தையும் குறிக்கிறது. இந்த விவகாரத்தில் அந்த இரண்டு பங்கும் ஒன்றையொன்று தொடுகின்றன.

பங்குதாரர் என்பவர் யார்?

பங்குச் சந்தை என்றதும் மும்பையில் கணினி முன் அமர்ந்திருக்கும் பணக்காரர்தான் நம் நினைவுக்கு வருகிறார். உண்மை நிலை வேறு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2015 ஆகஸ்ட் முதல் தன்னிடம் புதிதாகச் சேரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தை நிதிகளில் முதலீடு செய்துவருகிறது. முதலில் 5 விழுக்காடாக இருந்த அந்த அளவு 2017-ல் 15 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே ஒரு தனியார் ஆலையில் வேலை செய்து மாதந்தோறும் பி.எஃப். பிடித்தம் செய்யப்படும் நம் பிள்ளைகள், தாங்கள் அறியாமலேயே பெரிய கம்பெனிகளின் பலனிலும் இழப்பிலும் பங்கு கொள்கிறார்கள். எல்.ஐ.சி. பாலிசி வைத்திருப்பவரின் பிரீமியமும், பரஸ்பர நிதியில் மாதம் 500 ரூபாய் கட்டும் ஆசிரியையின் சேமிப்பும் இப்படியே.

நமக்கு அருகிலுள்ள நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். 2013-ல் மத்திய அரசு என்.எல்.சி. பங்குகளை விற்க முற்பட்டபோது, அவை தனியாரிடம் போய்விடக் கூடாது என்று தமிழ்நாடு அரசின் 5 நிறுவனங்கள் 3.56 விழுக்காடு பங்குகளை வாங்கின. அந்தப் பணம் மக்கள் பணம். அந்த வகையில் நெய்வேலியில் ஒரு கைப்பிடிப் பங்கு நமக்கும் வந்து சேர்ந்தது. எனவே 'பங்குதாரருக்கு நன்மையா?' என்ற கேள்வி நம் வீட்டுக் கேள்விதான்.

ஏன் வாங்குகிறார்கள்?

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 2005-ஆம் ஆண்டின் மின்சார விதிகளும் தொழிற்சாலைகளுக்கு ஒரு வழியைத் திறந்தன. மின் நிலையத்தின் உரிமையில் குறைந்தது 26 விழுக்காட்டை மின்சாரத்தைப் பயன்படுத்துவோரே வைத்திருக்க வேண்டும். உற்பத்தியாகும் மின்சாரத்தில் குறைந்தது 51 விழுக்காட்டை அவர்களே பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறினால், அது சொந்தத் தேவைக்கான மின் நிலையமாகக் கருதப்படும். பல கம்பெனிகள் சேர்ந்து இதைச் செய்யும்போது தொழில்துறையினர் 'குரூப் கேப்டிவ்' என்று அழைக்கின்றனர். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றைக் கோவை நூற்பாலை பயன்படுத்த முடிவது இதனால்தான். மின்சாரம் அரசு மின்வாரியத்தின் கம்பி வழியே போகும். அதற்கு ஆலை கட்டணம் செலுத்தும்.

ஓர் எடுத்துக்காட்டு. இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் 2024 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 27,870 கோடி ரூபாய் அளவிலான அந்தப் பங்கு வெளியீடு அதுவரை நாடு கண்டவற்றிலேயே மிகப் பெரியது. சில மாதங்களுக்குள், 2025 புத்தாண்டை ஒட்டி, தமிழ்நாட்டில் 75 மெகாவாட் சூரிய மின் நிலையமும் 43 மெகாவாட் காற்றாலையும் அமைக்கும் நிறுவனத்தில் 26 விழுக்காடு உரிமையை ஏறத்தாழ 38 கோடி ரூபாய்க்குப் பெறப்போவதாக அது அறிவித்தது. 26 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

இந்தச் செய்தியால் பங்கின் விலை துள்ளிக் குதிக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். 2023-24 நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் நிகர இலாபம் 6,060 கோடி ரூபாய். அதன் முன் 38 கோடி சிறு தொகை. பசுமை மின்சாரத்தின் நன்மை பங்கு விலையில் ஒரே நாளில் தெரிவதில்லை. ஆண்டுதோறும் மின் கட்டணத்தில் மிச்சமாகி, மெதுவாக வந்து சேரும் நன்மை அது.

இலாபம் வரும் மூன்று வாசல்கள்

நன்மை உண்டா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அது எந்த வாசல் வழியாக வருகிறது என்றும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். எனக்குத் தெரிந்தவரை மூன்று வாசல்கள் உள்ளன.

முதல் வாசல் காற்றும் வெயிலும். உயர் அழுத்த மின் இணைப்பு பெற்ற தொழிற்சாலைகளுக்குத் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பருக்கு முன் யூனிட்டுக்கு 6 ரூபாய் 35 காசாக இருந்த கட்டணம், 2024 ஜூலையில் 7 ரூபாய் 25 காசாயிற்று. இரண்டே ஆண்டுகளுக்குள் 90 காசு ஏற்றம். நிலக்கரியின் விலை ஏறும், இறக்குமதிச் செலவு ஏறும், கட்டணம் ஏறும். காற்றுக்கு விலை ஏறுவதில்லை. காற்றாடியை நிறுத்தக் கடன் வாங்கிய தொகையும் பராமரிப்பும்தான் செலவு. கணக்குக்காக, ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் பயன்படுத்தும் ஓர் ஆலை, எல்லாச் செலவும் சேர்த்து யூனிட்டை 5 ரூபாய் 50 காசுக்குப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். 7 ரூபாய் 25 காசு கொடுப்பதைவிட ஆண்டுக்கு ஒன்றே முக்கால் கோடி ரூபாய் மிச்சம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு விலை ஏறக்குறைய உறுதியாகிவிடுவது இன்னொரு நன்மை. கூகுள் நிறுவனம் 2010-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 114 மெகாவாட் காற்றாலையின் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் செய்ததற்கு இந்த நிலையான விலையும் ஒரு காரணம்.

நம் அனுபவமும் இதற்குச் சான்று. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் தவித்த நாட்களை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் காற்றாலைகள் இல்லாதிருந்தால் இன்னும் பல ஆலைகளில் சங்கு ஊதியிருக்காது. பெண்ணாடத்தை அடுத்த ஆலத்தியூரில் சிமெண்ட் தயாரிக்கும் ராம்கோ நிறுவனம், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கிய 1990-களிலேயே காற்றாலைகளை நிறுவியது. 'பசுமை' என்ற சொல் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே, கணக்குப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு அது. இந்த வாசல் வழியாக வரும் இலாபம் நேர்மையானது. பங்குதாரர் மனநிறைவோடு பெற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது வாசல் பொதுமக்களின் சலுகை. இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். காற்றாலையில் போட்ட முதலில் 80 விழுக்காட்டை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள ஒரு காலத்தில் சட்டம் இடமளித்தது. 2012 ஏப்ரலில் அச்சலுகை 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் அளவுக்கு நிறுவப்பட்ட புதிய காற்றாலைகள், அந்த ஆண்டில் ஏறத்தாழ 1,700 மெகாவாட்டாகச் சுருங்கின. காற்று அந்த ஆண்டும் வீசத்தான் செய்தது. வரிச் சலுகைதான் நின்றது. 2014-ல் மீண்டும் 80 ஆகி, 2017 முதல் 40 விழுக்காடாயிற்று.

இன்னொரு சலுகையும் உண்டு. பெரிய ஆலை மின்வாரியத்தை விட்டு வேறொருவரிடம் மின்சாரம் வாங்கினால், 'குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம்' ஒன்றைச் செலுத்த வேண்டும். ஏழைகளின் வீட்டுக்கும் உழவரின் பம்புசெட்டுக்கும் குறைந்த விலையில் கொடுப்பதால் ஏற்படும் இழப்பை, பெரிய நுகர்வோரின் கூடுதல் கட்டணத்தால் ஈடுகட்டும் ஏற்பாடு அது. சொந்தத் தேவைக்கான மின் நிலையத்துக்கு இதிலிருந்து சட்டப்படி விலக்கு உண்டு. குரூப் கேப்டிவ் முறையில் கிடைக்கும் மிச்சத்தில் கணிசமான பகுதி இந்த விலக்கிலிருந்து வருகிறது.

ஆலை வெளியே போனாலும் கம்பியும் மின்மாற்றியும் ஊழியர் சம்பளமும் அங்கேயே இருக்கின்றன. காற்று நின்றுபோகும் மாதங்களில் ஆலைக்கு மின்சாரம் தர வாரியம் தயாராக நிற்கவும் வேண்டும். ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் சுமந்த வாரியம் நம்முடையது. 2024-ல் மூன்றாகப் பிரித்து அமைக்கப்பட்ட பிறகும் அந்தச் சுமை கரைந்துவிடவில்லை. மிஞ்சி நிற்கும் செலவை யாராவது ஒருவர் ஏற்க வேண்டும். வீடுகளுக்கு 2016 முதல் கிடைக்கும் 100 யூனிட் இலவசத்துக்கும், நம் உழவரின் இலவச மின்சாரத்துக்கும் அரசு தன் நிதியிலிருந்து பணம் தருகிறது. அந்த நிதியும் நம்மிடமிருந்தே திரட்டப்படுகிறது.

ஆலை முதலாளிகள் தரப்பில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உழவருக்குத் தரும் மானியத்தை அரசு வரிப்பணத்திலிருந்து முழுமையாகத் தர வேண்டுமே தவிர, உலகச் சந்தையில் போட்டியிடும் நூற்பாலையின் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சலுகையால் வந்த இலாபத்தை, தன் தியாகத்தால் பூமிக்குச் செய்த உபகாரமாக விளம்பரப்படுத்தும்போது, 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது வாசல் நற்பெயர். திருப்பூரில் பனியன் வாங்கும் ஐரோப்பியக் கடைகள், அது எந்த மின்சாரத்தில் தைக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் சிமெண்ட், இரும்பு, அலுமினியம் போன்ற சில இறக்குமதிகளின் மீது கரிமக் கட்டண ஏற்பாட்டை 2026 சனவரி முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கையை வெளியிட வேண்டும் என்று செபி அமைப்பு 2022-23 முதல் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளரை இழக்காமல் இருப்பதும் பங்குதாரருக்கு நன்மையே.

ஆனால் நற்பெயரைக் காகிதத்திலும் வாங்க முடியும். 2011 முதல் மின்சாரச் சந்தைகளில் விற்கப்படும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ்கள் இத்தகையவை. பசுமை மின்சாரத்தை வேறொருவர் தயாரித்தார் என்பதற்கான சான்றை மட்டும் கம்பெனி வாங்கிக்கொள்ளும். அதன் மின் கட்டணம் ஒரு காசும் குறையாது. வாங்குவார் இல்லாமல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் தேங்கிக் கிடந்த காலமும் இருந்தது. இப்படிப்பட்ட கொள்முதல், பங்குதாரரின் கண்ணோட்டத்தில் செலவு மட்டுமே. சட்டம் கேட்பதால் செய்வது வேறு, அதையே சாதனையாகச் சொல்வது வேறு.

இடர்களும் உண்டு

இந்த ஒப்பந்தங்களில் இடறி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். நம் மாநிலத்தில் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும். அப்போது மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்து, பின்னர் எடுத்துக்கொள்ளும் வசதி பழைய காற்றாலைகளுக்கு ஓராண்டு வரை இருந்தது. 2018-க்குப் பின் வந்தவற்றுக்கு அந்த வசதி பெரிதும் சுருங்கிவிட்டது. வாரியத்துக்கே மின்சாரத்தை விற்றவர்கள் பணம் வர ஓராண்டுக்கும் மேல் காத்திருந்த காலமும் உண்டு. 26, 51 என்ற விகிதங்களை ஒவ்வோர் ஆண்டும் கறாராகச் சரிபார்க்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உறுதி செய்தது. ஓர் ஆண்டு தவறினாலும், விலக்குப் பெற்ற கூடுதல் கட்டணம் முழுவதும் திரும்பி வந்து கதவைத் தட்டும்.

இன்னொரு தெளிவும் தேவை. பசுமை மின்சாரத்தை வாங்கும் கம்பெனி வேறு, காற்றாடி செய்து விற்கும் கம்பெனி வேறு. சுஸ்லான் நிறுவனத்தின் பங்கு 2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல் விலைபோய், 2020 மார்ச்சில் 2 ரூபாய்க்கும் கீழே வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களை வாங்கக் கடன் பெருகியது முக்கியக் காரணம். பசுமை என்ற சொல்லை மட்டும் நம்பிச் சேமிப்பைக் கொட்டிய நடுத்தரக் குடும்பங்கள் அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

விருத்தாசலத்துச் சூளைகள்

இந்தக் கணக்கிலெல்லாம் இடம்பெறாதவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் மின் ஃபியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் அகல் விளக்குகளும் செய்யும் சிறு தொழில்முனைவோரைத்தான் சொல்கிறேன். 26 விழுக்காடு உரிமை வாங்க அவர்களிடம் கோடிகள் இல்லை. பசுமை மின்சாரத்தை வெளியிலிருந்து பெறுவதற்கான எல்லையை மத்திய அரசு 2022-ல் 100 கிலோவாட்டாகக் குறைத்தது நல்ல மாற்றம்தான். ஆயினும் சிறிய பட்டறைகளுக்கு அதுவும் எட்டாத உயரம்.

அதைவிட முக்கியமான ஒன்று, பீங்கானின் பெருஞ்செலவு சூளையின் வெப்பம். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிய வேண்டிய சூளைக்கு எரிபொருள் வேண்டும். காற்றாலை மின்சாரம் அந்தச் செலவை நேரடியாகக் குறைப்பதில்லை. சிமெண்டிலும் இப்படியே. அதன் கரிமப் புகையில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லைச் சுடுவதிலிருந்தும் அதற்கான எரிபொருளிலிருந்தும் வருகிறது. எனவே முழு மின்சாரமும் பசுமை என்று ஒரு கம்பெனி சொல்லும்போது, அதன் முழுப் புகையும் போய்விட்டதாக நாம் எண்ணிவிடக் கூடாது.

மின் கட்டண உயர்வை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாட்டின் சிறு, குறு தொழிற்கூடங்கள் கதவடைப்புச் செய்தன. பெரியவர்களுக்கு வெளியேற வாசல் இருக்கிறது. உள்ளே நிற்கும் சிறியவர்கள் மீது கட்டணம் ஏறுகிறது. பெரிய கம்பெனியின் பங்குதாரர் பெறும் இலாபத்தையும் பட்டறைக்காரரின் மின் ரசீதையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் முழு உண்மை விளங்கும்.

நிலத்தின் கணக்கும் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. பழைய முறைக்கும் விலை உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் வாய்க்காலுக்காக, கதிர்விட்ட நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாம் கண்டோம். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் வேதாகமத்தோடு முடிந்துபோன கதையல்ல.

நம் பொறுப்பு

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 166-ஆம் பிரிவில், இயக்குநர்கள் பங்குதாரரின் நன்மையோடு ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருத வேண்டும் என்று கூறுகிறது. திருச்சபையும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலைத் தொடர்ந்து, பாப்பிறை சமூக அறிவியல் கழகம் 2022 நவம்பரில் 'மென்சூராம் போனாம்' என்ற முதலீட்டு வழிகாட்டியை வெளியிட்டது. நம்பிக்கையுள்ளோர் தங்கள் பணம் எங்கே, எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். வத்திக்கானும் தன் அளவில் செயல்பட்டிருக்கிறது. 2008-ல் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. உரோமைக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியாவில் வத்திக்கான் நகருக்கான சூரிய மின் நிலையம் அமைக்கத் திருத்தந்தை 2024-ல் ஆணையிட்டார்.

ஆகவே கேள்விக்கு விடை இதுதான். உண்மையான மின்சாரத்தை நீண்டகாலத்துக்கு நியாயமான விலையில் வாங்கும் கம்பெனியின் பங்குதாரருக்கு நன்மை உண்டு. அது மெதுவான, ஆனால் நிலையான நன்மை. வெறும் காகிதத்தை வாங்குகிற கம்பெனியின் பங்குதாரருக்கு நன்மை இல்லை. மற்றவர் மீது சுமையை ஏற்றிப் பெற்ற இலாபமோ, இலாபக் கணக்கில் எழுதப்பட்ட கடன். சட்டம் மாறும் நாளில், சலுகை நிற்கும் நாளில், அது வசூலிக்கப்படும். 2012 அதைக் காட்டியது. ஏழையின் மின் ரசீதைக் காப்பது பங்குதாரருடைய நீண்டகால நலனுக்கு எதிரானது அல்ல என்பதும் இதனாலேயே.

அன்பியக் கூட்டங்களில் கலந்து பேச மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன்.

1. நம் சேமிப்பு, காப்பீடு, வைப்பு நிதி எந்தக் கம்பெனிகளில் போய்ச் சேருகிறது என்று நம் வீட்டில் ஒருவராவது பார்த்திருக்கிறோமா? பங்கு வைத்திருப்பவர்கள், ஆண்டறிக்கையில் கம்பெனி வாங்கியது மின்சாரமா, சான்றிதழா என்று தேடிப் படிக்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு.

2. பீங்கான் பட்டறைகளும் சிறு ஆலைகளும் ஒன்றாகச் சேர்ந்து, பெரியவர்கள் பெறும் அதே வசதியைக் கூட்டாகப் பெற என்ன தடை? அதை யாரிடம் கேட்க வேண்டும்?

3. நம் ஊரில் சூரிய மின் நிலையத்துக்கு நிலம் கேட்டு ஒருவர் வந்தால், விற்கும் விலையைத் தவிர வேறு எவற்றையெல்லாம் எழுத்தில் கேட்டுப் பெறுவோம்?

தலைவர் தன் வீட்டுப் பொறுப்பாளரை அழைத்துக் கணக்குக் கேட்ட உவமையை நாம் அறிவோம். பணத்தின் கணக்கை மட்டுமல்ல, பணம் நடந்து சென்ற வழியின் கணக்கையும் கேட்பவர் அவர். பங்குதாரராகவும் பங்கு மக்களாகவும் இருக்கும் நாம், அந்த இரண்டு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதப் பழகுவோம்.